ஒன்பது இனிஷியல்காரர்

பூவனேரியில் புத்திசாலிகள் இல்லை என்று அந்த ஊர்க்காரர் யாரும் இதுவரை சொன்னதில்லை. அதைக் கண்டுபிடித்துச் சொல்லவும் ஒரு புத்திசாலி வேண்டுமே. அந்த ஊர் மேலத்தெருவில், நீலக் கதவு போட்ட வீடு ஆவுடைநாயகத்தினுடையது. அவரும், அவர் தம்பி சங்குமுத்துவும், மனைவி வடிவின் தம்பி தளவாயும் ஒரே வீட்டில் இருந்தார்கள். எந்தக் காரியமானாலும் மூவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் யோசிப்பார்கள். தனித்தனியாக யோசித்தால் மூன்று தப்பு வரும், சேர்ந்து யோசித்தால் ஒன்றோடு போகும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது.

இந்தக் கதை நடந்தபோது ஆவுடைநாயகம் சரியாகச் சாப்பிட்டே ஒரு வாரம் ஆகியிருந்தது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் மதிவதனிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை செந்தூரன் தங்கமான பையன். இருவருமே பார்த்துப் பழகிப் பிடித்துப்போய்த்தான் வீட்டில் சொன்னார்கள். மாப்பிள்ளையின் அப்பா வீரபாகுதான் பிடி கொடுக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையில் வரவேற்கிறவர்கள் பெயர் போடும் இடத்தில், அவர் பக்கம் ஓய்வுபெற்ற தாசில்தார், கல்லூரி முதல்வர், எலும்பு டாக்டர் என்று வரிசையாக நின்றார்கள். ஆவுடைநாயகத்தின் பக்கம் சங்குமுத்துவும் தளவாயும் நின்றார்கள்.

வீரபாகு அந்த வரிசையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "தப்பா நினைக்காதிய சம்பந்தி. சொல்லிக்கிற மாதிரி ஒரு பெரிய மனுஷன் பேராவது உங்க பக்கம் வேணும். இல்லன்னா நான் எந்த முகத்தோட அந்த மேடையில ஏற?" என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா மேடை ஏறாவிட்டால் கல்யாணம் எங்கே நடக்கும்? திங்கட்கிழமை பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும். ஆவுடைநாயகம் தனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களை எல்லாம் விரல் விட்டு எண்ணப் பார்த்தார். விரலை மடக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அந்த வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் தன் முகத்தைப் பார்த்துப் பேசட்டும் என்று மதிவதனி வாங்கி வைத்துவிட்டுப் போனது. போகும்போது, "இதை நல்லாப் பாத்துக்கோங்கப்பா" என்று சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து காலையில் சங்குமுத்துவும் மத்தியானம் தளவாயும் அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து நன்றாகப் பார்த்துவந்தார்கள். சாயங்காலம் ஆவுடைநாயகம் வந்து, இன்றைக்கு எல்லோரும் நன்றாகப் பார்த்தீர்களா என்று விசாரித்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதற்கு முன்னால் வடிவு கம்ப்யூட்டரை ஈரத்துணியால் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பாள். எழுத்துக் கட்டைகளை எல்லாம் ஒரே நாளில் ஈரமாக்கினால் அதற்குச் சளி பிடித்துவிடும் என்று, வாரத்துக்கு ஒரு வரிசையாகத்தான் துடைப்பாள். விளக்கு வைக்கும் நேரத்தில் எதையும் அணைக்கக் கூடாது என்பதால் கம்ப்யூட்டர் எரிந்துகொண்டே இருக்கும். அவள் துடைத்து முடிக்கும்வரை ஆண்கள் மூவரும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார்கள். குளிக்கிறவரைப் பார்ப்பது மரியாதை இல்லை என்பது ஆவுடைநாயகத்தின் கட்சி.

அந்த வெள்ளிக்கிழமை வடிவு, பாவம் இதையும் யார் கவனிக்கிறார்கள் என்று மவுஸை முதலில் எடுத்து அழுத்தித் துடைத்தாள். திரையில் என்னென்னவோ விரிந்தது, மடங்கியது, வெள்ளையாக ஒன்று முளைத்தது. பிறகு நடு வரிசைக் கட்டைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே இழுப்பாக இழுத்துத் துடைத்தாள். திரையை அவள் பார்க்கவில்லை. திரையின் முறை அடுத்த வெள்ளிக்கிழமைதான்.

சாம்பிராணிப் புகை அடங்கி ஆண்கள் திரும்பியபோது, திரையின் நடுவில் அதுவரை இல்லாத ஒரு ஃபைல் இருந்தது. அதன் கீழே ASDFGHJKL என்று எழுதியிருந்தது.

"நான் மத்தியானம் முழுக்கப் பார்த்துக்கிட்டே இருந்தேன் அத்தான். அப்ப யாரும் வரல" என்றான் தளவாய்.

மகளுக்குப் போன் போட்டார் ஆவுடைநாயகம். அவள் ஆபீஸில் கூட்டத்தில் இருந்தாள். தெரியாத ஃபைல் என்றால் திறக்கவே வேண்டாம், அழிக்கவும் வேண்டாம், எங்கேயிருந்து வந்தது என்று மட்டும் பாருங்கள் என்று கிசுகிசுத்துவிட்டு வைத்துவிட்டாள்.

எங்கேயிருந்து வந்தது என்று பார்ப்பது கஷ்டமான காரியமாகத் தெரியவில்லை. கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு வயர் இருந்தது. வெளியிலிருந்து வருகிற எதுவும் அதன் வழியாகத்தானே வந்திருக்க வேண்டும் என்று தளவாய் அந்த வயரைப் பிடித்துக்கொண்டு கிளம்பினான். அது ஜன்னலைத் தாண்டி, முருங்கை மரத்தைத் தாண்டி, கம்பம் கம்பமாக ஏறி இறங்கிப் போயிற்று. தளவாயும் அண்ணாந்து பார்த்தபடியே போய், இரண்டு சைக்கிள்களிலும் ஒரு எருமையிலும் மோதிக்கொண்டு, கடைசியில் கடைத்தெருவில் இன்டர்நெட் லைன் கொடுக்கும் ஆபீஸ் வாசலுக்கு வந்துசேர்ந்தான். ஆபீஸ் பூட்டியிருந்தது. வாசலில் ஒரு காவலாளி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மேலத்தெரு நீலக் கதவு வீட்டுக்கு இங்கேயிருந்து யாரையாவது அனுப்பினீர்களா என்று தளவாய் கேட்டான். லைன் ரிப்பேருக்கு ஆள் வரவில்லை என்று சண்டை பிடிக்க வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிக் காவலாளிக்கு வாய் பழகியிருந்தது. அதெல்லாம் சாயங்காலமே ஆள் அனுப்பியாச்சு, வந்து சேர்ந்திருப்பாரே என்றார்.

தளவாய் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான். "அத்தான், வந்திருக்கது ஒரு ஆளு" என்றான்.

வந்திருப்பது ஆள் என்றதும் வடிவு அடுப்பில் காப்பித் தண்ணீர் வைத்தாள்.

சங்குமுத்து எதையும் லேசில் நம்ப மாட்டான். அவன் கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டு விவரம் கேட்டான். திறக்காமலே அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் வைத்தால் விவரம் தெரியும் என்று கடைக்காரர் சொன்னார். வைத்துப் பார்த்தார்கள். வகை: தெரியவில்லை. வந்தது: வெள்ளிக்கிழமை மாலை. அளவு: சைபர்.

"சைபர்னா ஒண்ணுமே இல்லன்னுல்ல அர்த்தம்" என்றான் சங்குமுத்து.

"ஒண்ணுமே இல்லன்னா எப்படி நம்ம கண்ணுக்குத் தெரியும்?" என்று ஆவுடைநாயகம் கேட்டார். இது நியாயமான கேள்வியாகப் பட்டது. நீண்ட நேரம் பேசி, வந்திருப்பவர் யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று துளி இடம்கூட அடைக்காமல் இருக்கிறார் என்று முடிவு செய்தார்கள். இந்தக் காலத்தில் வீட்டுக்கு வருகிறவர்களில் இப்படி ஒரு மனிதரைப் பார்க்க முடியாது என்று வடிவு சொன்னாள். போன பொங்கலுக்கு வந்த தன் நாத்தனார் குடும்பத்தை மனதில் வைத்துத்தான் அவள் அதைச் சொன்னாள்.

சங்குமுத்துவுக்கு அப்போதும் மனம் ஆறவில்லை. மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், அழிப்பதற்காக இல்லை, அழிக்கப் போனால் அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்பதற்காக, அழிக்கும் கட்டையை ஒருமுறை அழுத்தினான். 'நிச்சயமாகத்தான் சொல்கிறீர்களா?' என்று திரை கேட்டது. சங்குமுத்து நாணயமானவன். பிறந்ததிலிருந்து தான் எதைப் பற்றியும் நிச்சயமாக இருந்ததில்லை என்பதை யோசித்துப் பார்த்து, 'இல்லை' என்பதை அழுத்தினான். அதற்குப் பிறகு அவனுக்கும் வந்தவர்மேல் ஒரு பிடிப்பு உண்டாகிவிட்டது. இவ்வளவு பொறுமையாக யாரும் அவனிடம் கேள்வி கேட்டதில்லை.

ஆள் என்றால் பெயர் வேண்டும். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும் வீட்டில் இங்கிலீஷ் எழுத்து எல்லாம் தெரிந்தவன் தளவாய்தான். அவன் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் படித்தான். ஏ, எஸ், டி, எஃப், ஜி, எச், ஜே, கே, எல். சேர்த்துப் படித்தால் வாயில் நுழையவில்லை.

"இது பேரே இல்ல அத்தான். எல்லாம் இனிஷியல்" என்றான்.

ஆவுடைநாயகம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அவருக்கே ஒரு இனிஷியல்தான். வீரபாகுவுக்கு இரண்டு. ஊர் பேரையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளும் அந்த ஓய்வுபெற்ற தாசில்தாருக்கு மூன்று. ஒன்பது இனிஷியல் உள்ள மனிதரைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே கிடையாது. ஒன்பது தலைமுறையின் பெயரையும் மறக்காமல் முன்னால் வைத்திருக்கிற குடும்பம் எப்பேர்ப்பட்ட குடும்பமாக இருக்க வேண்டும்.

"அப்ப பேரு எங்க?" என்று சங்குமுத்து கேட்டான்.

"இவ்வளவு பெரியவியளைப் பேர் சொல்லியா கூப்பிடுவாவ?" என்றார் ஆவுடைநாயகம்.

சொல்லிவிட்டு அவர் திரையின் அருகே போய் உற்றுப் பார்த்தார். ஏ. அவருடைய தாத்தா ஆண்டியப்பன். எஸ். அவருடைய அப்பா சங்கரபாண்டியன். டி. காசிக்குப் போய்த் திரும்பியே வராத பெரியப்பா தெய்வநாயகம். எஃப் என்ற எழுத்தில் அவர்கள் வம்சத்தில் யாரும் அகப்படவில்லை. நமக்குத் தெரியாத முன்னோர்கள் இருக்கத்தானே செய்வார்கள் என்று சங்குமுத்து சமாதானம் சொன்னான். ஆவுடைநாயகத்துக்குச் சமாதானம் தேவைப்படவில்லை. அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மகள் கல்யாணத்துக்கு ஒரு பெரிய மனிதர் இல்லையே என்று தவித்த வாரத்தில், கூப்பிடாமலே ஒரு சொந்தக்காரர் வீடு தேடி வந்துவிட்டார்.

கம்ப்யூட்டருக்குமேல் பட்டுத்துண்டு போர்த்தினார்கள். பெரியவர் இருக்கும்போது முகத்தில் ஈரத்துணியைப் போடுவதாவது என்று வடிவு துடைப்பதை நிறுத்திவிட்டாள். மதிவதனி போட்டு வைத்துவிட்டுப் போயிருந்த சினிமாப் பாட்டை நிறுத்திப் பக்திப் பாட்டு வைத்தார்கள். வேளாவேளைக்கு ஒரு தம்ளர் காப்பி எதிரே வைத்து, ஆறிய பிறகு தளவாய் குடித்தான்.

திங்கட்கிழமை காலை ஆவுடைநாயகம் அச்சகத்துக்குப் போய், தன் பக்கத்து வரிசையில் முதல் பெயராக ஒன்பது எழுத்தையும் புள்ளி வைத்துப் போடச் சொன்னார். அச்சகக்காரர் பெயர் என்ன என்று கேட்டார். அதை அவர்களுக்கு இஷ்டப்படும்போது சொல்லுவார்கள் என்றார் ஆவுடைநாயகம். அச்சகக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை. பத்திரிகைத் தொழிலில் இதைவிடப் பெரிய பெயர்களை எல்லாம் அவர் பார்த்தவர்.

மாதிரித் தாளை எடுத்துக்கொண்டு, பழத்தட்டோடு வடிவையும் அழைத்துக்கொண்டு ஆவுடைநாயகம் வீரபாகுவின் வீட்டுக்குப் போனார். வீரபாகு படித்தார். இன்னொரு தடவை படித்தார். தன் பக்கத்து தாசில்தாரின் மூன்று எழுத்தையும் எதிர்ப் பக்கத்து ஒன்பது எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று மெதுவான குரலில் விசாரித்தார். இப்போது நம் வீட்டில்தான் தங்கியிருக்கிறார்கள் என்று ஆவுடைநாயகம் சொல்லிவிட்டார். உடனே பார்க்க வேண்டும் என்று வீரபாகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வடிவு அங்கேயே சம்பந்தியம்மாளுக்குத் துணையாக இருந்தாள்.

வழியெல்லாம் ஆவுடைநாயகத்துக்கு ஒரே யோசனை. பெரியவர் இவரை மதித்து ஒரு வார்த்தை பேசாவிட்டால் கல்யாணம் என்ன ஆவது?

வீட்டில் சங்குமுத்துவும் தளவாயும் இரண்டு பக்கமும் கைகட்டி நின்றார்கள். பட்டுத்துண்டை விலக்கினார்கள். வீரபாகு குனிந்து பார்த்தார். ஒரு வெள்ளைத் தாள். ஓரத்தில் ஒரு சின்ன மடிப்பு. கீழே ஒன்பது எழுத்து. சுற்றி நின்ற மூன்று முகங்களிலும் சிரிப்பில்லை. வீரபாகுவிடம் ஒரு குணம் உண்டு. தனக்கு ஒன்று தெரியாது என்று அவர் பிறந்ததிலிருந்து யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. அவர் வாசல்வரை திரும்பிப் போய், மறந்து போட்டுவந்த செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

"எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு" என்றார். "கூட்டத்துல எல்லாம் பேசுவாவல்லா?"

"அதிகம் பேச மாட்டாவ" என்றார் ஆவுடைநாயகம்.

"பெரியவிய அப்படித்தான்" என்று சொல்லி வீரபாகு கைகூப்பினார். "வேட்டியைக்கூட எப்படி ஓரமா மடிச்சுக் கட்டியிருக்காவ, பாருங்க."

ஆவுடைநாயகம் அன்று மத்தியானம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனால் வீரபாகு தன் வீட்டுக்குத் திரும்பும்போது முகம் செத்துப்போயிருந்தது. பெண் வீட்டில் ஒன்பது, மாப்பிள்ளை வீட்டில் மூன்று என்றால் ஊர் என்ன சொல்லும்? அவர் வருவதற்குள் அங்கே வடிவு தன் காரியத்தைப் பார்த்திருந்தாள். சம்பந்தி வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளுக்குக் கூசியது. கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் தூசி படிந்து எரிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ஈரத்துணியை எடுத்து, முதலில் மவுஸையும், பிறகு தூசி அதிகம் இருந்த மேல் வரிசை எழுத்துகளையும் நன்றாகத் துடைத்துவிட்டு வந்திருந்தாள்.

அன்று சாயங்காலமே வீரபாகுவிடமிருந்து போன் வந்தது. குரலில் பழைய கம்பீரம் திரும்பியிருந்தது.

"சம்பந்தி, எங்க வீட்டுக்கும் ஒருத்தர் வந்திருக்காவ. பத்து இனிஷியல்."

QWERTYUIOP என்று அவர் எழுத்து எழுத்தாகச் சொன்னார். ஆவுடைநாயகம் போனைத் தளவாயிடம் கொடுத்து எண்ணச் சொன்னார். பத்தேதான். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஒரு படி மேலே இருப்பதுதான் முறை என்று அவர் மனதார விட்டுக்கொடுத்தார். மேடைக்கு நான் முதல் ஆளாக வந்து நிற்பேன் என்று வீரபாகு சொன்னதைக் கேட்டதும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

கல்யாணம் அமோகமாக நடந்தது. இரண்டு கம்ப்யூட்டர்களையும் வேனில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் பன்னீர் தெளித்துக்கொண்டு போய் இரண்டு பேருக்கும் வணக்கம் சொன்னார்கள். பந்தியில் இரண்டு பேருக்கும் தனி இலை போட்டார்கள். மதிவதனி மட்டும் மாலையும் கழுத்துமாக அந்த எழுத்துகளை உற்றுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மாமனார் கைகூப்பியபடி மேடை ஏறுவதையும், அப்பா நனைந்த கண்ணோடு சிரிப்பதையும் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு தாலிக்குக் கழுத்தை நீட்டினாள். அட்சதை எல்லோர் மேலும் விழுந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஆவுடைநாயகமும் வடிவும் மகளுக்குத் தனிக்குடித்தனம் வைத்துக்கொடுக்கச் சென்னைக்குப் போனார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வடிவு பாத்திரம் அடுக்கினாள், பால் காய்ச்சினாள், புதுக் கம்ப்யூட்டரைத் துடைத்துக் குங்குமம் வைத்தாள். மேல் வரிசையும் நடு வரிசையும் பளபளவென்றுதான் இருந்தன. அதனால் மவுஸுக்குப் பிறகு கீழ் வரிசையை மட்டும் துடைத்தாள்.

சுவர்ப் பக்கம் திரும்பி நின்ற ஆவுடைநாயகம் திரும்பிப் பார்த்தார். திரையில் ஒரு ஃபைல். ZXCVBNM. விரலை வைத்து எண்ணினார். ஏழு இனிஷியல். ஒன்பது, பத்து, இப்போது ஏழு. மேடையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு நாற்காலிகள் அவர் நினைவுக்கு வந்தன. அட்சதை எல்லோர் மேலும் விழுந்ததும் நினைவுக்கு வந்தது.

சங்குமுத்துவுக்குப் போன் போட்டார். சங்குமுத்து வழக்கம்போல ஒரு சந்தேகம் கேட்டான். நம்ம வீட்டுப் பெரியவரை ஆம்பளை என்றல்லவா நினைத்தோம்?

"நாமதானலே பொண்ணு வீடு" என்றார் ஆவுடைநாயகம். "அந்த மடிப்பு வேட்டி இல்ல. முந்தானை."

அடுத்து வீரபாகுவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். அது தனக்கு முன்பே தெரியும் என்று வீரபாகு சொன்னார். கல்யாணத்தன்றே இருவரும் இருந்த இருப்பைப் பார்த்து நினைத்தாராம்.

"பிள்ளை யாரு சாயல்?" என்று கேட்டார்.

"நல்ல வெள்ளை. ஓரத்துல மடிப்பு. உங்க பக்கத்துச் சாயலும் இருக்கு, எங்க பக்கத்துச் சாயலும் இருக்கு."

"எடை எவ்வளவு?"

ஆவுடைநாயகம் அம்புக்குறியைப் பதமாக அதன்மேல் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். "சைபர்" என்றார்.

வீரபாகு கவலைப்பட்டார். நன்றாகக் கவனிக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிப் போனை வைத்தார். ஆவுடைநாயகம் மேல்துண்டை எடுத்துக் கம்ப்யூட்டரின் மேல் காற்றுப் புகாமல் போர்த்திவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"வடிவு, அந்த ஈரத்துணியை முதல்ல வெளியில கொண்டுபோய்ப் போடு. பச்சைப்பிள்ளைக்குச் சளி பிடிச்சிரும்."